பட்டனை அழுத்தினால் காசு போகுமா?

(டெலிகோமில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்று, சுங்கை சிப்புட்டில் வசிக்கும் நம் பகுதியாளர் வாசகர்களின் தொலைபேசிக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: வணக்கம் ஐயா. அம்மாவுக்கு 78 வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது சுங்கை சிப்புட் தாமான் வீட்டில் தனியாக இருக்கிறார். நான் ஈப்போவில் வேலை செய்கிறேன். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டு அக்கா வரும்வரை எழ முடியாமல் கிடந்தார். கழுத்தில் மாட்டும் அவசர பட்டன் வாங்கலாம் என்று பார்க்கிறோம். அதற்குப் போன் செலவு எவ்வளவு ஆகும்? இங்கிலாந்தில் இருக்கும் அண்ணன், தன் மாமியார் வைத்திருப்பது போலவே ஒன்று அனுப்புகிறேன், கூப்பிடக் காசே இல்லை என்கிறார். அம்மாவோ, "அழுத்தினால் பில்லு ஏறும், எனக்கு வேண்டாம்" என்கிறார்.
- வாசகி, ஈப்போ

பதில்: தங்கச்சி, பட்டனையும் அதோடு வரும் பெட்டியையும் அனுப்ப வேண்டாம் என்று அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் சொல்வது அந்த ஊருக்குச் சரி. அங்கே 0800 என்று தொடங்கும் எண்ணைக் கூப்பிட்டால் காசு இல்லை. 2015 ஜூலையிலிருந்து கைப்பேசிக்கும் அப்படித்தான். ஆனால் அந்தப் பெட்டி கூப்பிடுவது, அழைப்பை எடுத்து உதவிக்கு ஆள் அனுப்பும் அந்த நாட்டுக் கண்காணிப்பு மையத்தை. சுங்கை சிப்புட்டில் அம்மா விழுந்தால் அவர்கள் யாரை அனுப்புவார்கள்?

நம் ஊருக்கு வருவோம். பெரும்பாலான பட்டன்கள் தாமாகப் போன் செய்வதில்லை. வீட்டில் உள்ள பெட்டிக்கு ரேடியோ சைகை அனுப்பும், பெட்டிதான் டயல் செய்யும். சில வகையில் சிம் பட்டனுக்குள்ளேயே இருக்கும். எதுவானாலும் செலவு அந்த லைனுக்குத்தான்.

ஃபைபர் இணையத்தோடு வரும் வீட்டுப் போனில் இதை மாட்ட நினைக்காதீர்கள். நாங்கள் கம்பம் ஏறிய காலத்துச் செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. வீடு இருட்டாக இருந்தாலும் போன் மணி அடிக்கும். ஃபைபரில் கரண்ட் போனால் மோடம் அணையும், போனும் செத்துவிடும். இங்கிலாந்திலும் இதே தலைவலிதான். 2025 முடிவில் பழைய லைன்களை நிறுத்துவதாக இருந்தார்கள். இந்தப் பட்டனை நம்பியிருக்கும் முதியவர்களுக்கு ஆபத்து என்று தெரிந்ததும் 2027 ஜனவரிக்குத் தள்ளிவிட்டார்கள். இடி மழைக்கெல்லாம் கரண்ட் போகிற நம் பக்கத்தில், உள்ளே பேட்டரியும் சிம்மும் உள்ள பெட்டியே நல்லது. 4ஜியிலேயே பேசக்கூடியதா என்று கடையில் கேளுங்கள். நம் நாட்டில் 3ஜியை 2021 முடிவோடு மூடிவிட்டார்கள். பழைய சரக்கு இன்னும் விற்பனைக்கு வருகிறது.

இப்போது காசு. அவசரத்துக்குக் கூப்பிடும் அந்த ஒரு அழைப்புக்குச் சில காசுதான் ஆகும், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். உங்கள் காசு போக வேண்டியது வேலிடிட்டிக்கு. பிரீபெய்டு சிம்மில் பத்து வெள்ளி போட்டு மறந்துவிட்டால், பாக்கி இருந்தாலும் நாள் முடிந்ததும் லைன் வெளியே கூப்பிடாது. அப்புறம் எண்ணே ரத்தாகிவிடும். இதில் கொடுமை என்னவென்றால், பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். அம்மா அழுத்துவார், யாருக்கும் மணி அடிக்காது. அதனால் வருடம் முழுக்க வேலிடிட்டி தரும் திட்டம் எடுங்கள். அதைவிட, உங்கள் போஸ்ட்பெய்டு பில்லிலேயே ஒரு துணை லைன் சேர்ப்பதுதான் என் விருப்பம். மாதம் கொஞ்சம் கூடப் போகும், ஆனால் பில் உங்கள் கைக்கு வரும், டாப் அப் போட மறந்தோமா என்ற பயம் இல்லை.

இரண்டு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். பெட்டி நீங்கள் கொடுத்த எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடும். முதல் ஆளின் வாய்ஸ்மெயில் எடுத்துவிட்டால், யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அங்கேயே நின்றுவிடும் வகைகள் உண்டு. பட்டியலில் உள்ள எல்லோரும் தங்கள் போனில் ##002# அழுத்தி வாய்ஸ்மெயிலை நிறுத்தட்டும். வேறு எண்ணுக்கு அழைப்பைத் திருப்பி வைத்திருந்தால் அதுவும் போய்விடும், தெரிந்தே செய்யுங்கள். இன்னொன்று, அம்மா இருக்கும் இடத்தை வரைபட லிங்க்காக எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் வசதியை நம்ப வேண்டாம். மோசடியைத் தடுக்க 2023 மே முதல் லிங்க் உள்ள எஸ்எம்எஸ்களை நம் நாட்டில் தடுக்கத் தொடங்கிவிட்டார்கள். வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

வாங்கியதும் நீங்கள் நேரில் வாருங்கள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை, பின்கட்டுக் குசினியில் ஒரு தடவை, துணி காயப்போடும் கொடியடியில் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். சுவரும் தகரக் கூரையும் சைகையைத் தின்னும். அதன் பிறகு மாதம் ஒரு முறை சோதனை. அந்தச் சோதனை அழைப்புக்கு ஆகும் சில காசில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

அம்மாவின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து காசு பத்து காசாகச் சேர்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தலைமுறை அது. "வருடத்துக்கும் காசு கட்டியாச்சு, அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே காசுதான்" என்று சொல்லுங்கள். சும்மா அழுத்திவிட்டாலும் யாரும் திட்டக்கூடாது. ஒரு முறை திட்டு வாங்கினால், நிஜமாக விழும்போது கை தயங்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் தசை நசுங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கலாம். அடி படாவிட்டாலும் ஆபத்துதான். அதனால் குளிக்கும்போது கழற்றவே கூடாது. தண்ணீர் புகாதது என்று உறுதியாக எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

முதல் எண்ணாக உங்கள் எண் வேண்டாம், பக்கத்து வீட்டு அக்காவுடையதைப் போடுங்கள். ஈப்போவிலிருந்து நீங்கள் வந்து சேர்வதற்குள் அவர் கதவைத் திறந்துவிடுவார். மறக்காமல் அவரிடம் ஒரு சாவி கொடுத்து வையுங்கள்.

கேள்வி: மாதக் கட்டணம் வாங்கும் கண்காணிப்பு மையத்தில் அப்பாவைச் சேர்க்கலாமா? அவர்கள் எண் 1-300 என்று தொடங்குகிறது.
- வாசகர், பாகாவ்

பதில்: பக்கத்தில் ஆள் இல்லாதவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. சேரும் முன் ஒன்று கேளுங்கள்: பெட்டி கூப்பிடுவது அந்த 1-300 எண்ணையா, வேறு எண்ணையா? 1-800 என்றால் செலவு அவர்களுடையது. 1-300 என்றால் உங்கள் லைனிலும் காசு ஏறும். அளவில்லாமல் பேசலாம் என்கிற பேக்கேஜில்கூட அது சேராமல் போகலாம். பிரீபெய்டில் பாக்கி இல்லாவிட்டால் அழைப்பே போகாது. 999-க்கு மட்டும் எந்தப் போனிலிருந்தும் காசு இல்லை.