தீக்குச்சியும் வால் டியூபும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகனுக்கு ஐந்தரை வயது. எங்கள் ஊரில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கே ரோபோட்டிக்ஸ் வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். கிட்டோடு சேர்த்துக் கட்டணம் எங்கள் வசதிக்கு மிக அதிகம். சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லித்தர வழி உண்டா? நானும் கணவரும் அறிவியல் படித்தவர்கள் இல்லை.

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

பின்தங்க மாட்டான். இந்த வயதில் அந்த வகுப்பு தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கிட்டுகளில் பலவும் படத்தைப் பார்த்து அப்படியே பொருத்தும்படி இருக்கின்றன. மாற்றிப் பொருத்தினால் ஓடாது, உடனே மிஸ் வந்து சரிசெய்துவிடுவார். ஏன் ஓடவில்லை என்று பிள்ளை குழம்பி உட்கார்ந்திருக்கும் நேரம்தான் எனக்கு முக்கியம்.

1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்பதுதான் அதன் அடிப்படை. (2002இல் மாநில அரசு அதை மூடியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.) கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு, புணேயில் லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அர்விந்த் குப்தா 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போனார். உள்ளூர்ச் சந்தையில் கிடைத்த பொருட்களை வைத்து அவர் உருவாக்கிய விளையாட்டு ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

சைக்கிள் கடையில் வால் டியூப் (சக்கர டியூபின் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய்) வாங்கிச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். மரத் தீக்குச்சி வேண்டும், மெழுகுக் குச்சி வளைந்துவிடும். மருந்து முனையை நீங்களே சுரண்டி எடுத்துவிடுங்கள். ஒரு துண்டின் இரு பக்கமும் குச்சியைச் செருகினால் மூட்டு தயார். நான்கு குச்சியில் ஒரு சதுரம், மூன்று குச்சியில் ஒரு முக்கோணம் செய்யச் சொல்லுங்கள். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அவன் விரலுக்கே தெரியட்டும்.

அப்புறம், சதுரம் சாயாமல் நிற்க என்ன செய்யலாம் என்று கேளுங்கள். குறுக்கே ஒரு தீக்குச்சியை வைத்துப் பார்ப்பான். எட்டாது. இங்கேதான் ஆட்டம் சூடுபிடிக்கும். ஒரு பிள்ளை நீளமான ஈர்க்குச்சியைத் தேடிப் போகும். இன்னொன்று சதுரத்தையே சாய்த்து ஒடுக்கி, அதே தீக்குச்சியை எட்ட வைக்கும். இரண்டுமே சரிதான். மூட்டில் ஊசியால் துளை போட்டுக் குறுக்குக் குச்சியைச் செருகும் வேலை மட்டும் உங்களுடையது.

பஸ்ஸில் போகும்போது மின்கோபுரத்தைக் காட்டுங்கள். சைக்கிளின் நடுச்சட்டத்தையும் காட்டலாம். எங்கெங்கே முக்கோணம் இருக்கிறது என்று அவனே தேடட்டும்.

நீங்கள் அறிவியல் படிக்காதது இதில் குறையே அல்ல. படித்த பெற்றோர்தான் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடுகிறார்கள். அவன் ஏன் என்று கேட்டால், "தெரியலையே, செஞ்சு பார்க்கலாமா?" என்று சொல்லிவிட்டுக் கூடவே உட்காருங்கள்.

குப்தாவின் இணையதளத்தில் இதுபோல நூற்றுக்கணக்கான பொம்மைகளின் செய்முறை இலவசமாகக் கிடைக்கிறது. படத்தைப் பார்த்தே பலவற்றையும் செய்துவிடலாம். வீட்டில் இவனைவிடச் சின்னக் குழந்தை இருந்தால், டியூப் துண்டுகளை எண்ணி டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

அன்புடன்.