பதிவேட்டில் ஒரு கட்டம்

அன்புள்ள அண்ணாச்சி,

அரசுப் பள்ளிகள் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதைப் படித்தேன். களக்காடு பக்கம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் இப்போது 14 பிள்ளைகள். நான் படித்தபோது இருநூறுக்கு மேல். காலை ஏழரைக்கு நான்கு வேன்கள் வந்து ஊரையே அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. நண்பர்கள் சேர்ந்து பாளையங்கோட்டையில் கல்வி தனியார்மயம் பற்றி ஒரு கருத்தரங்கம் நடத்தலாம் என்று இருக்கிறோம். வெறும் ஆவேசமாக இல்லாமல் ஆய்வோடு பேச ஆசை. கோத்தாரி கல்விக் குழுவில் இருந்து தொடங்கலாமா? என்னென்ன புத்தகங்கள் படிக்க வேண்டும்? தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் என்ற சட்டம்தான் அரசுப் பள்ளியைக் காலி செய்கிறதா? கடைசியாக ஒன்று. என் மகள் படிப்பது மெட்ரிக் பள்ளியில். இதையெல்லாம் பேச எனக்குத் தகுதி உண்டா?

அன்புள்ள தம்பி,

நீங்கள் அரசு ஊழியர் என்பதால் பெயரை நானே எடுத்துவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

கோத்தாரி 1966லேயே அறிக்கையைக் கொடுத்துவிட்டார். எல்லாருக்கும் ஒரே தரத்தில் பொதுப்பள்ளி, வீட்டுப் பக்கத்திலேயே அருகமைப்பள்ளி எல்லாம் அதில் இருக்கிறது. நாமும் அறுபது வருடமாக எல்லாக் கருத்தரங்கையும் அவரில் தொடங்கி டீ இடைவேளையில் முடித்துக்கொண்டிருக்கிறோம். 25 சதவீத விவகாரம் பெரிய வழக்கு, அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

முதலில் ‘தனியார்’ என்ற சொல்லை நம் பக்கத்தில் கொஞ்சம் பார்த்துப் புழங்குங்கள். ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த காலம் தொட்டு, இங்கே எத்தனையோ ஊர்களில் பள்ளிக்கூடம் என்றால் அது மிஷன் பள்ளிக்கூடம்தான். அப்புறம் ஊர்க்காரர்களும் சமுதாயங்களும் ஆரம்பித்தவை. நிர்வாகம் அவர்களுடையது, சம்பளம் அரசாங்கத்துடையது. நான் படித்ததும் முக்கூடல் பக்கம் அப்படி ஒரு உதவி பெறும் பள்ளியில்தான். என் அம்மா அதைத் தனியார் பள்ளி என்று ஒருநாளும் சொன்னதில்லை. ‘நம்ம பள்ளிக்கூடம்’ என்பாள்.

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் அங்கே போயிருந்தேன். தங்கைக்குப் பிறந்த தேதி அத்தாட்சி வேண்டியிருந்தது. தலைமையாசிரியை பீரோவில் இருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார். தைத்த நூல் விட்டுப்போய், ஓரமெல்லாம் பூச்சி அரித்த பெரிய புத்தகம். தங்கையின் வருடத்தைத் தேடுகிறேன் என்று புரட்ட ஆரம்பித்தவன், ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அதில் ‘பெற்றோர் தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. நான் சேர்ந்தது 1971. அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தால்: விவசாயம், பீடி, கணக்குப்பிள்ளை, கொத்து வேலை, ஆசிரியர், பலசரக்குக் கடை, பீடி, தபால்காரர், சலவை, விவசாயம். அந்த இரண்டாவது பீடி என் அம்மா. ஜூன் மாதம் பெரிய சார்வாள் சைக்கிளில் வீடு வீடாக வருவார். அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். “பயல எங்க?” என்பார். என்னைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து நிறுத்துகிற வரை திண்ணையை விட்டு நகரமாட்டார். எங்கள் வீட்டில் எப்படி உட்கார்ந்தாரோ அப்படியேதான் பண்ணையார் வீட்டிலும் உட்கார்ந்தார்.

உடனே அங்கே சமத்துவம் பொங்கி வழிந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். முன்வரிசை யாருக்கு, பானையில் முதலில் தண்ணீர் மொள்வது யார் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருந்தது. ஆனால் ஒரு ஐப்பசி மழையில் மூன்றாம் வகுப்பு ஓடு ஒழுகி எல்லாரும் நனைந்தோம். மறுநாள் காலையில் ஓடு மாற்ற ஆள் வந்துவிட்டது. என் அம்மா போய்ச் சொல்லியா வந்தது? பண்ணையார் மகனும் நனைந்திருந்தான், அதனால் வந்தது.

பதிவேட்டைத் தொடர்ந்து புரட்டுங்கள். எண்பதுகளில் அந்தக் கட்டத்தில் இருந்து முதலில் காணாமல் போகிற தொழில் எது தெரியுமா? ஆசிரியர். பிறகு தபால்காரர், கணக்குப்பிள்ளை. பிறகு பலசரக்குக் கடை. 2000க்குப் பிறகு வரும் பக்கங்களில் கூலி, கூலி, கூலி என்று ஒரே கையெழுத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. சில இடங்களில் மேற்படி என்று இரண்டு கோடு. பள்ளியை யாரும் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. ஓடு ஒழுகினால் போய்க் கேட்கக்கூடிய ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள், அவ்வளவுதான். பிள்ளை குறைந்ததால் பள்ளி சீரழிந்தது என்று உங்கள் கருத்தரங்கில் ஒருவர் பேசுவார், பள்ளி சீரழிந்ததால் பிள்ளை குறைந்தது என்று இன்னொருவர் பேசுவார். இரண்டு பேரையும் அந்தக் கட்டத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

1998ஆம் வருடப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். “யாரைத் தேடுதீங்க சார்?” என்றார் தலைமையாசிரியை. யாரையும் இல்லை என்றேன். அந்த வருடம் என் மகனுக்கு ஐந்து வயது. நான் ஊரில்தான் இருந்தேன். வாசலுக்கு வேன் வந்தது, ஏற்றி அனுப்பினேன்.

ஆகவே தகுதி பற்றி என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் மகள் எங்கே படித்தாலும் நன்றாகப் படிக்கட்டும். ஆனால் கடிதத்தில் 14 பிள்ளைகள் என்று எழுதினீர்களே, அதில் ஒரு பிள்ளையின் வீட்டுக்காவது போயிருக்கிறீர்களா? ஐந்து வகுப்பு, சட்டப்படி இரண்டு ஆசிரியர், அதில் ஒருவர் பாதி நேரம் எமிஸ் என்கிற அரசின் இணையப் பதிவில் எதையாவது ஏற்றிக்கொண்டிருப்பார். அந்தப் பதினாலு பேருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வருகிறதா என்று கேட்டிருக்கிறீர்களா? ஊரில் இருக்கிற பள்ளிக்குள் கால் வைக்காமல் பாளையங்கோட்டையில் ஏசி அரங்கம் பிடிக்கிறீர்கள். யார் வரப்போகிறார்கள்? உங்களைப் போல, என்னைப் போல, பிள்ளையை மெட்ரிக்கில் போட்டுவிட்டு வருத்தப்படுகிறவர்கள் வருவார்கள்.

ஆய்வு வேண்டும் என்றீர்கள். ஒன்று சொல்கிறேன், முழுசாகச் சொல்கிறேன். ஆந்திரத்தில் 180 கிராமங்களில் குலுக்கல் போட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணமும் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்பி, நான்கு வருடம் கழித்துச் சோதித்துப் பார்த்தார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015ல் வெளியிட்டது. தெலுங்கிலும் கணக்கிலும், குலுக்கலில் விழாமல் போன பிள்ளைகளைவிட இவர்கள் ஒன்றும் மேலே போய்விடவில்லை. இந்தியில் மட்டும் கூடுதல். நம் ஆட்கள் இதோடு கைதட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். தனியார் பள்ளி ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு, அரசு செய்ததில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு என்பதும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது. எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக்கொண்டு வரும்போது முழிக்கக் கூடாது. அந்தச் சிக்கனம் யார் வயிற்றில் அடித்து வருகிறது என்பதற்கு ஆந்திரம் வரை போக வேண்டாம். உங்கள் மகளின் டீச்சரிடம் மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் சொல்லிவிட்டு, உங்கள் ஊர்ப் பதிவேட்டில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் வருடவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படியா என்று அதையும் பாருங்கள். பிள்ளைகளின் பெயரையும் சாதியையும் தொடவே தொடாதீர்கள். நம் சீமையில் அதை வாசித்தால் கூட்டம் வேறு திசைக்குப் போய்விடும், பிறகு உங்களால் திருப்ப முடியாது. கையில் கட்டுகிற சாதிக் கயிற்றின் நிறம் பார்க்கிற பிள்ளைகளை வளர்த்து வைத்திருக்கிறோம். எழுதி முடித்ததும் கிராம சபையில் எழுந்து நின்று சத்தமாக வாசியுங்கள். வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. 1971, 1981, 1991 என்று பத்து வருடத்துக்கு ஒரு பக்கம் போதும். விளக்கவுரை வேண்டாம். வேனுக்குப் பணம் கட்டுகிறவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள், என்ன சொல்கிறார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். இங்கிலீஷ் என்பார்கள், கக்கூஸ் என்பார்கள், ‘அந்தப் பிள்ளைகளோட எப்படி உக்கார வைக்க’ என்று ஒருவர் மெதுவாகச் சொல்வார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புத்தகப் பட்டியல் கேட்டிருந்தீர்கள் இல்லையா, மறந்தே போனேன். நேரில் தருகிறேன். ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு நானும் வருகிறேன், களக்காட்டில் பஸ் இறங்கிக் கூப்பிடுகிறேன். பதிவேட்டைப் புரட்டும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். பழைய தாள், ஓரம் பொடிந்து பறக்கும்.