வடிவான கோடுகள்

வணக்கம் சேர். உயிர்க்கலங்களைக் கோடு கோடாக வளர்ப்பதற்காக, சிலிக்கோன் முத்திரையால் கண்ணாடி வழுக்கிகளில் புரதத்தை 20 மைக்ரோமீற்றர் அகலத்தில் பதிக்கிறேன். ஒளிரும் சாயத்தில் கோடுகள் நல்ல வடிவாகத் தெரிகின்றன. ஆனாலும் கலங்கள் இடைவெளியிலும் ஒட்டுகின்றன. எக்ஸ்பிஎஸ் (எக்ஸ் கதிர் பாய்ச்சி மேற்பரப்பின் மூலகங்களை அறிவது), சிம்ஸ் (அயன்களால் அடித்து, மேற்பரப்பிலிருந்து கிளம்பும் துணுக்குகளின் திணிவை அளப்பது) இரண்டில் எதை முதலில் செய்யலாம்? கட்டணமும் யோசனையாக இருக்கிறது.
ஓர் ஆய்வு மாணவி

பிள்ளை,

உமது முழுக் கடிதத்திலும் 'வடிவு' என்ற சொல் ஐந்து தரம் வருகிறது. எனக்கு அதில்தான் கோபம். சாயம் ஒளிர்ந்தால் புரதம் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். கூட வேறென்ன குந்தியிருக்கிறது என்று சாயம் சொல்லாது.

எங்கள் வீட்டுக் கேத்திலை அம்மா சாம்பலும் தும்பும் போட்டு மினுக்கி வைப்பார், முகம் பார்க்கலாம். உள்ளே முட்டைக்கோது மாதிரிச் சுண்ணாம்பு. சுண்ணக்கல்லில் வெட்டிய கிணறு, வேறெப்படி இருக்கும்? அந்தத் தேத்தண்ணீர் குடித்து வளர்ந்த நானே பின்னாளில் பொன் பூசிய வழுக்கிகளைக் கிணற்றுத் தண்ணீரில் அலசினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. நாலு மாதம் கலங்கள் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. கலங்களைத்தான் திட்டினேன். கடைசியில் எக்ஸ்பிஎஸ் செய்தால் கோட்டிலும் கல்சியம், இடைவெளியிலும் கல்சியம். அந்தக் கருவி பார்ப்பது மேற்பரப்பில் ஏறத்தாழ 10 நானோமீற்றர் ஆழந்தான். பொன்னுக்கு அடியில் கிடக்கும் கண்ணாடியின்மேல் சாட்டுச் சொல்லவும் வழியில்லை. தண்ணீரை மாற்றிய பிறகுதான் கலங்கள் வழிக்கு வந்தன.

1997இல் சென், வைற்சைட்ஸ், இங்பர் முதலான ஆய்வாளர்கள் புரதத் தீவுகளின் அளவை மாற்றியே கலம் வாழ்வதையும் சாவதையும் காட்டினார்கள். தீவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அப்படி ஒரு பேச்சை வாயெடுக்க முடியுமா?

கட்டணத்தை உமது மேற்பார்வையாளரிடம் கேளும். எனக்குச் சந்தேகம் உமது முத்திரையில். சிலிக்கோனில் பிணையாமல் கிடக்கும் சிறு மூலக்கூறுகள் புரதத்தோடு சேர்ந்து இறங்கும். சிலிக்கோனிலும் சிலிக்கன் உண்டு, கண்ணாடியிலும் உண்டு; எக்ஸ்பிஎஸ்ஸில் இரண்டும் சேர்ந்து குழப்பும். சிம்ஸில் 73 திணிவுள்ள துணுக்காகச் சிலிக்கோன் தலைகாட்டும், கோடு எது இடைவெளி எது என்று படமாகவும் பிரித்துப் பார்க்கலாம். கையுறை போட்டேன், பயமில்லை என்கிறீர். சில கையுறைகளிலேயே சிலிக்கோன் இருக்கும், பிள்ளை!

பதிக்காத வெறும் வழுக்கி ஒன்றையும் சேர்த்து அனுப்பும். அடுத்த கடிதத்தில் கோட்டுப் படம் வேண்டாம். எந்தத் தண்ணீரில் கழுவினீர் என்று எழுதும்.