அப்பா போட வேண்டிய கையெழுத்து

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், ஊர் கும்பகோணம் பக்கம். கல்லீரலுக்குள் பித்தநாளப் புற்றுநோய். ஆபரேஷன் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பித்தநாள அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்துக் காமாலை இறங்கியதும் ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் கீமோ கொடுத்தார்கள். போன மாத ஸ்கேனில் கட்டி வளர்ந்திருக்கிறது. ‘கிளினிக்கல் ட்ரையல் ஏதாவது இருக்கிறதா பாருங்கள்’ என்கிறார் டாக்டர். எங்கே தேடுவது? அமெரிக்காவுக்குப் போக வேண்டுமா? பணம் புரட்டிவிடலாம். அப்பாவிடம் காமாலை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். ஃபைல் பீரோவில் பூட்டியிருக்கிறது. நானும் அக்காவும் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடத் தயார்.
– மகன், பெங்களூரு

பதில்: தம்பி, எங்கே தேடுவது என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தப் பீரோ.

உங்கள் கையெழுத்தும் அக்காவின் கையெழுத்தும் செல்லாது. ட்ரையல் என்பது சிகிச்சையை நோயாளிகளிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு. நம் நாட்டில் அதற்கு 2019-ல் வந்த விதிகள் இருக்கின்றன. நோயாளி நினைவில்லாமல் கிடந்தாலோ, மைனராக இருந்தாலோ, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் மனநிலையில் இல்லாவிட்டாலோதான் வேறொருவர் அவருக்காகக் கையெழுத்துப் போடலாம். உங்கள் அப்பா இதில் எந்த வகை? மணியார்டரில் கையெழுத்து மாறியிருந்தால் ஜன்னலிலேயே நிறுத்தி வைத்த மனிதர். அவருக்குத் தெரிந்த மொழியில் தகவல் தாள் கொடுக்க வேண்டும், அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும், கையெழுத்தான பிறகு ஒரு பிரதியைத் தர வேண்டும். அந்தத் தாளில் நோயின் பெயர் இருக்கும். அதையும் பீரோவில் வைத்துப் பூட்டுவீர்களா?

‘தெரிந்தால் மனசு உடைந்துவிடும்’ என்று எழுதாத வீடு கிடையாது. எனக்கு இதில் ஒரு துளியும் சம்மதமில்லை. புற்றுநோய் வார்டில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோடு பேசிக்கொண்டே மணிக்கணக்கில் டிரிப் ஏற்றிக்கொள்கிறவர், தனக்குக் காமாலை என்றா நம்பிக்கொண்டிருப்பார்? பிள்ளைகள் பயந்து போயிருக்கிறார்களே என்று அவர் உங்களுக்காகச் சும்மா இருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உடம்பு அவருடையது, மிச்சமிருக்கும் நாளும் அவருடையது. அதை வைத்து என்ன செய்வது என்று அவரிடம் கேட்காமல் முடிவெடுப்பதைப் பாசம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பெற்றவருக்குச் செய்யும் கடமை, அவரைச் சின்னப் பிள்ளையாக ஆக்குவதில் இல்லை.

இன்னொன்று. அவருக்கு ஏறிய அந்த இரண்டு மருந்தும் சேர்ந்து வந்ததே ஒரு ட்ரையலால்தான். பிரிட்டனில் 410 நோயாளிகளிடம் நடத்தி, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஜெம்சிடபின் மட்டும் வாங்கியவர்களில் பாதிப் பேர் 8.1 மாதத்துக்கு மேல் இருந்தார்கள், இரண்டும் வாங்கியவர்களில் பாதிப் பேர் 11.7 மாதத்துக்கு மேல். வித்தியாசம் மூன்றரை மாதம்தான், பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 410 பேரும் தங்களுக்கு என்ன நோய் என்று தெரிந்து கையெழுத்துப் போட்டவர்கள்.

சரி, தேடலுக்கு வருவோம். அமெரிக்கப் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். ட்ரையல் மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் விசா, தங்குமிடம், மற்ற வைத்தியச் செலவு உங்கள் தலையில்தான் விழும். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டியிருப்பதால் மாதக்கணக்கில் அங்கேயே இருக்க நேரும். முதலில் சிடிஆர்ஐ என்ற இந்தியப் பதிவேட்டைப் பாருங்கள். ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்துவது. 2009-லிருந்து இங்கே நடக்கும் மருந்து ட்ரையல்களை அதில் பதிவு செய்வது கட்டாயம். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். அப்பாவின் நோய்க்கு மருத்துவப் பெயரான கொலாஞ்சியோகார்சினோமா என்று மட்டும் தேடினால் பல விட்டுப்போகும். பிலியரி ட்ராக்ட் கேன்சர் என்றும் தேடுங்கள். பித்தப்பை, பித்தநாளம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ட்ரையல்கள் அந்தப் பெயரில்தான் இருக்கும். ஆள் சேர்க்கிறார்களா, எந்தெந்த ஆஸ்பத்திரி, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு பதிவிலும் இருக்கும். அடையாறு, வேலூர், ஜிப்மர், மும்பை டாடா ஆகிய இடங்களின் புற்றுநோய் மருத்துவப் பிரிவிலும் நேரடியாக விசாரியுங்கள்.

பட்டியலில் பெயர் பார்த்ததும் இடம் கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். ரத்தத்தில் காமாலையைக் காட்டும் பிலிருபின் குறிப்பிட்ட அளவுக்குள் இருக்க வேண்டும், எழுந்து நடமாட வேண்டும், இதுவரை வாங்கிய கீமோ இத்தனை சுற்றுக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. ஸ்டென்ட் அடைத்துக் காய்ச்சல் வந்தால் சேரும் வாய்ப்பே போய்விடலாம். வீட்டில் யாராவது கஷாயம், லேகியம் கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும்.

பயாப்ஸி செய்த லேபில் அப்பாவின் பாரஃபின் பிளாக், அதாவது மெழுகில் பதித்து வைத்த கட்டியின் சதைத் துண்டு, இருக்கும். மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். கல்லீரலுக்குள் வரும் வகையில் பத்துக்கு ஒருவருக்குச் சற்று மேல் எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணுவில் மாற்றம் இருக்கும். ஐடிஹெச்1 மாற்றமும் ஏறக்குறைய அந்த அளவுதான். இரண்டுக்கும் தனித்தனி மாத்திரைகள் அமெரிக்காவில் 2020-லும் 2021-லும் அனுமதி பெற்றுவிட்டன. எந்த ட்ரையல் பொருந்தும் என்பதை முடிவு செய்வதே பல நேரம் இந்த ரிப்போர்ட்தான்.

இதெல்லாம் கிடைத்தாலும் ட்ரையல் மருந்து வேலை செய்யும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். முதல் கட்ட ட்ரையலாக இருந்தால் எவ்வளவு டோஸ் உடம்பு தாங்கும் என்று பார்ப்பதே முக்கிய நோக்கம். பின்கட்டமாக இருந்தால் கணினி போடும் சீட்டில் பழைய மருந்தே வரலாம். ட்ரையலால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எந்த நாளும் காரணம் சொல்லாமல் வெளியே வந்துவிடலாம். இவ்வளவையும் எடை போட வேண்டியவர் உங்கள் அப்பா.

இந்த வாரமே ஊருக்குக் கிளம்புங்கள். போனில் சொல்லும் விஷயமில்லை இது. டாக்டரிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு, அப்பாவையும் கூட உட்கார வைத்து, டாக்டரையே நோயின் பெயரைச் சொல்லி விளக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவேயில்லை. அவரும் அந்த அறையில் இருக்கட்டும். அப்பா கேள்வி கேட்டால் குறுக்கே விழுந்து பதில் சொல்லாதீர்கள். கோபப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர் வேண்டாம் என்று சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னால் மாமா, சித்தப்பாவையெல்லாம் கூட்டி வந்து மனசை மாற்றப் பார்க்காதீர்கள். வலிக்கும் அரிப்புக்கும் என்ன மருந்து என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வைத்தது பிளாஸ்டிக் ஸ்டென்ட்டா என்று கேளுங்கள். ஆமென்றால் மூன்று மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டியிருக்கும், அந்தத் தேதி தவறக் கூடாது.