களர் மண்ணில் வாழும் கூட்டம்

எங்கள் வயலில் பாதி களர். வெயில் காலத்தில் வெள்ளை பூத்துக் கிடக்கும், நெல் நட்டால் கருகிப்போகும். இந்த மண்ணில் உயிர் என்று ஏதாவது மிஞ்சியிருக்குமா?
- வாசகர், திருச்சி மாவட்டம்

நிறையவே இருக்கிறது. களர் என்பது காரம் மிகுந்த மண். பயிருக்குத்தான் அது களர், சில பாக்டீரியாக்களுக்கு அதுதான் சொந்த வீடு. ஜப்பானில் கோகி ஹோரிகோஷி என்ற விஞ்ஞானி 1968இல் ஒரு எளிய சோதனை செய்தார். பாக்டீரியா வளர்க்கும் திரவத்தில் சலவை சோடாவை, அதாவது சோடியம் கார்பனேட்டைக் கலந்து காரமாக்கி, தன் ஆய்வு நிறுவன வளாகத்திலேயே அங்கங்கே எடுத்த மண்ணை 30 குடுவைகளில் போட்டு, ஒரு ராத்திரி 37 டிகிரி சூட்டில் வைத்தார். காலையில் பார்த்தால் முப்பதிலும் ஏதேதோ வளர்ந்திருந்தன! அது களர் மண்கூட இல்லை, சாதாரண மண்தான். காரத்தை விரும்பும் இந்தக் கூட்டம் எல்லா மண்ணிலும் கொஞ்சமாவது இருக்கிறது என்பது அப்புறம்தான் தெளிவானது.

இவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காரத்தைக் காட்டும் அளவு பி.எச்., அது ஒன்று கூடினால் காரம் பத்து மடங்கு கூடும். வெளியே பி.எச். 10.5 இருந்தாலும் செல்லுக்குள்ளே 8 சொச்சத்துக்கு மேல் போக விடுவதில்லை, அதாவது உள்ளே இருப்பதைவிட வெளியே காரம் நூறு மடங்குக்கும் அதிகம். செல் சவ்வில் உள்ள புரதங்கள் சோடியத்தை வெளியே தள்ளி ஹைட்ரஜன் அயனியை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆனால் சாப்பாடு வெளியே மண்ணில் கிடக்கிறதே? அதை உடைக்க பாக்டீரியா என்சைமை, அதாவது உடைக்கும் வேலையைச் செய்யும் புரதத்தை, வெளியே அனுப்பியாக வேண்டும். அந்த என்சைமுக்குச் செல்லுக்குள் இருக்கும் பாதுகாப்பு எதுவும் கிடையாது, காரத்திலேயே நின்று வேலை பார்க்கும்படிதான் அது அமைந்திருக்கிறது. சோப்புத் தண்ணீரும் காரம்தானே, அதனால்தான் சலவைத் தூள் கம்பெனிகள் இவற்றைத் தேடி வந்தன. 1987இல் ஜப்பானின் காவோ நிறுவனம் ‘அட்டாக்’ தூளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் சேர்த்த செல்லுலேஸ் என்ற என்சைம் இப்படிக் காரத்தில் வளரும் மண் பாக்டீரியாவிடமிருந்து வந்ததுதான். பருத்தி நூலின் உள்ளே சிக்கிய அழுக்கை அது விடுவிக்கும்.

உங்கள் வயலுக்கு ஜிப்சமும் தக்கைப்பூண்டும் போடுவதை விட்டுவிடாதீர்கள், இந்த பாக்டீரியாக்கள் அந்த வேலையைச் செய்யாது.

கல்லூரி புராஜெக்டுக்கு இந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க முடியுமா?
- மாணவி, ஆம்பூர்

தாராளமாக. திரவத்தைக் கெட்டியாக உறைய வைக்கும் அகார், பால் பவுடர் கரைசல், சோடியம் கார்பனேட் மூன்றையும் தனித்தனியே கிருமி நீக்கி, பிறகு கலந்து தட்டில் ஊற்றுங்கள். மண் கரைத்த நீரைப் பலமுறை நீர்க்கச் செய்து ஒரு சொட்டு தடவி வையுங்கள். ஓரிரு நாளில் வெள்ளைத் தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும், அதில் சிலவற்றைச் சுற்றி மட்டும் நிலா கோட்டை கட்டியது போல ஒரு தெளிந்த வளையம் தெரியும். அந்த இடத்தில் பால் புரதத்தைப் புரோட்டியேஸ் (புரதத்தை உடைக்கும் என்சைம்) தின்று முடித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: காரம் கூடிப்போனால் பாலே தெளிந்து ஏமாற்றிவிடும், அதனால் மண் தடவாத தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முடிந்ததும் தட்டுகளை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யாமல் குப்பையில் போடக் கூடாது.

உங்கள் ஊருக்கு இது வெறும் பாட விஷயம் இல்லை. தோல் பதனிடும்போது முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போடுகிறார்களே, அந்த அழுகிய முட்டை நாற்றம் உங்களுக்குத் தெரியாததா? அந்த சல்ஃபைடைக் குறைக்கப் புரோட்டியேஸ் உதவும். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. புராஜெக்டை அந்தப் பக்கம் கொண்டு போங்கள் என்பேன்.

என்சைம் உள்ள தூளில் பட்டுப்புடவை ஊற வைக்கலாமா?
- வாசகி, காஞ்சிபுரம்

வேண்டவே வேண்டாம். பட்டும் புரதம்தான், கறைக்கும் பட்டுக்கும் புரோட்டியேஸ் வித்தியாசம் பார்க்காது. கம்பளிக்கும் அதே கதி. பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊற விடுங்கள், கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் என்சைமே கெட்டுவிடும்.