பான்ஃபில் மூன்று மலைகள்: வசந்த காலப் பனிச்சறுக்கு கேள்வி பதில்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் மூன்று பனிச்சறுக்கு மலைகள் அருகருகே இருக்கின்றன. பான்ஃப் ஊரிலிருந்து நார்க்வேக்குப் பத்து நிமிடம், சன்ஷைன் வில்லேஜுக்கு இருபது நிமிடம், லேக் லூயிஸுக்கு முக்கால் மணி நேரம். மார்ச் கடைசியிலிருந்து மே வரை அங்கே போகிறவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

ஸ்கார்பரோவிலிருந்து: வணக்கம் அண்ணை. ஏப்ரல் இரண்டாம் கிழமை நாலு நாள் வாறம். நாலு பேரும் ஒன்டாரியோவில ப்ளூ மவுண்டன்ல நீல ரன் (நடுத்தரச் சரிவு) எல்லாம் ஓடுவம். மூண்டில எந்த மலை திறம்?

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டிவிடாதீர்கள். மூன்று மலைகளுக்கும் செல்லும் 'ஸ்கீ பிக் 3' டிக்கெட் இருக்கிறது, நாலு நாளுக்கு அதை எடுங்கள். வசந்த காலத்தில் மலையின் பெயரைவிட முந்தின இரவின் வானிலைதான் பெரிது. எந்த மலை என்பதைக் காலையில் முடிவு செய்யும் வசதி கையில் இருக்க வேண்டும்.

உச்சிக்கும் அடிவாரத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ப்ளூ மவுண்டனில் சுமார் 220 மீட்டர். நார்க்வேயில் 503, லேக் லூயிஸில் 991, சன்ஷைனில் 1,070. அங்கே ஒரு மூச்சில் இறங்கிய பழக்கத்தோடு இங்கே இறங்கினால் பாதியிலேயே தொடை எரியும். முதல் நாள் நாலைந்து முறை நின்று நின்று இறங்குங்கள்.

சன்ஷைனில் கோண்டோலாவில் (கம்பியில் தொங்கும் பெட்டி வண்டி) ஏறிச் சேரும் கிராமமே 2,160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உச்சி 2,730. மேலே சொன்ன 1,070 மீட்டர், கிராமத்துக்கும் கீழே உள்ள வாகன நிறுத்தத்திலிருந்து கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 9 மீட்டர் பனி விழும் இடம், எல்லாம் இயற்கைப் பனி. லேக் லூயிஸ் 1,646 மீட்டரில் தொடங்கி 2,637 வரை போகிறது. பனி அதில் பாதிதான், ஆனால் பரப்பு 4,200 ஏக்கர், சன்ஷைனைவிடப் பெரியது. நார்க்வே 190 ஏக்கர், உச்சியே 2,133 மீட்டர்தான். அதாவது நார்க்வேயின் உச்சி சன்ஷைனின் கிராமத்தைவிடத் தாழ்வு. ஏப்ரலில் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

முடிவெடுக்கும் முறை இதுதான். இரவு வானம் தெளிந்து நன்றாக உறைந்திருந்தால் லேக் லூயிஸ். மேகம் மூடி இரவெல்லாம் வெதுவெதுப்பாக இருந்தால் உயரமான சன்ஷைன். காற்றும் மூட்டமுமாக எதிரில் நிற்பவர் தெரியாத நாளில் சன்ஷைன் வேண்டாம், அதன் பெரும்பகுதி மரங்களுக்கு மேலே இருக்கிறது. அன்றைக்கு லேக் லூயிஸின் லார்ச் பகுதிக்குப் போங்கள், மரங்கள் இருப்பதால் சரிவின் மேடு பள்ளம் கண்ணுக்குப் பிடிபடும். நார்க்வேக்கு அரை நாள் போதும், அதையும் பயணத்தின் தொடக்கத்திலேயே வையுங்கள். ஏப்ரல் நடுவில் அது மூடிவிடும்.

கல்கரியிலிருந்து: போன வருடம் காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடி மாதிரி ஐஸ், மூன்று மணிக்குச் சேறு. நல்ல பனி எந்த நேரத்தில் கிடைக்கும்?

வசந்த காலச் சறுக்கில் முதலில் கற்க வேண்டியதே இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பகலில் உருகுவதும் இரவில் உறைவதுமாகச் சில நாள் போனால் பனியின் கூர்மையான படிகங்கள் கரைந்து உருண்டையாகிவிடும். கையில் அள்ளிப் பார்த்தால் ஜவ்வரிசி மாதிரி தனித்தனி மணிகள். இதைத்தான் 'கார்ன்' என்கிறார்கள். காலையில் இந்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகக் கிடக்கும், நீங்கள் சொன்ன கண்ணாடி அதுதான். வெயில் பட்டு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் தளர்ந்து, அடியில் உறுதி மாறாமல் இருக்கும் நேரம்தான் பொன்னான நேரம். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஸ்கீயின் விளிம்பு இறங்கும். ஒரு சரிவில் இது ஒன்று, ஒன்றரை மணி நேரம் நிற்கும். அதற்குப் பிறகு தண்ணீர் அடிவரை இறங்கி எல்லாம் கூழாகிவிடும்.

ஆனால் எல்லாச் சரிவிலும் இது ஒரே நேரத்தில் நடக்காது. கிழக்கு பார்த்த சரிவு முதலில் தளரும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. வடக்கு பார்த்த சரிவு ஏப்ரலிலும் பெரும்பாலும் குளிர்காலப் பனியாகவே இருக்கும். ஆகவே வெயிலைப் பின்தொடர்ந்து இடம் மாற வேண்டும். லேக் லூயிஸ் இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது: முன்பக்கம் தெற்கு பார்த்தது, பின்பக்கத்தில் கிண்ணம் போலக் குழிந்த சரிவுகள் வடக்கும் வடகிழக்கும் பார்த்தவை. காலை பத்தரை வரை எந்திரம் ஓட்டிச் சமன் செய்த ரன்கள், பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை தளர்ந்த முன்பக்கம், அது கூழானதும் பின்பக்க நிழல்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். கோடை நேரக் கணக்கால் பான்ஃபில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.40 வாக்கில். பன்னிரண்டு மணிக்கே உச்சி வெயில் போய்விட்டது என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் நல்ல பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு ஒரு சோதனை: ஸ்கீயைக் கழற்றிவிட்டு பூட்ஸோடு சரிவில் நில்லுங்கள். கணுக்கால் வரை புதைந்தால் அந்தப் பக்கம் முடிந்தது. முழங்கால் சவ்வு கிழிவதற்கு வழி செய்வது இந்தக் கூழ்தான்: ஸ்கீ புதைந்து நிற்கும், உடம்பு திரும்பிவிடும்.

இரவு மேகம் மூடியிருந்தால் வெப்பமானி பூஜ்யத்தைக் காட்டினாலும் பனி சரியாக உறைந்திருக்காது. தெளிந்த வானத்தில்தான் பனியின் மேற்பரப்பு தன் சூட்டை வெளியே விட்டுக் காற்றைவிடக் குளிர்கிறது. அதனால் வானிலைப் பலகையில் எண்ணை மட்டும் பார்க்காமல் இரவு மேகத்தையும் பாருங்கள்.

எட்மண்டனிலிருந்து: சன்ஷைன் வாகன நிறுத்தத்தில் மழை பெய்தால் திரும்பிவிடலாமா?

வேண்டாம். வாகன நிறுத்தம் 1,660 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலாவில் சுமார் இருபது நிமிடம் ஏறினால்தான் கிராமம், 500 மீட்டர் மேலே. நூறு மீட்டருக்கு 0.6 டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே 2 டிகிரியில் மழை என்றால் கிராமத்தில் மைனஸ் 1, உச்சியில் மைனஸ் 5 இருக்கும், பொழிவது பனி. ஆனால் கீழே 6, 7 டிகிரி என்றால் கிராமத்திலும் மழைதான், அன்றைக்கு ஊரிலேயே இருங்கள். கோண்டோலா ஏறும்போது நனைந்த கையுறை மேலே போனதும் உறைந்துவிடும், மாற்றுக் கையுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

கோயம்புத்தூரிலிருந்து: அண்ணா, மகள் வீட்டுக்குக் கல்கரி வருகிறோம். பேரக் குழந்தைகள் 6, 9 வயது. எல்லோருக்கும் இதுதான் முதல் தடவை. எங்கே கற்றுக்கொள்வது?

ஏப்ரல் முதல் வாரத்துக்குள் என்றால் நார்க்வே. சிறிய இடம், குழந்தை எங்கே போனாலும் கண்ணில் படும். நகரும் கம்பளத்தில் நின்று ஏறும் சிறு சரிவும், அடுத்த படிக்கு கேஸ்கேட் சேர்லிஃப்டும் (கம்பியில் தொங்கும் இருக்கையில் ஏறுவது) அங்கேயே இருக்கின்றன. சறுக்காத பெரியவர்கள் ட்யூபில் உட்கார்ந்து வழுக்கலாம். ஆனால் அதே நார்க்வேயில் நார்த் அமெரிக்கன் என்ற சேர்லிஃப்ட் மிகச் செங்குத்தான சரிவுகளுக்குப் போகிறது. பெயரைப் பார்த்து வரிசையில் நின்றுவிடாதீர்கள்.

அதற்குப் பிந்திய தேதி என்றால் லேக் லூயிஸ் அடிவாரம். கிளேசியர் சேர்லிஃப்டில் ஏறி விவாக்ஸி என்ற நீளமான பச்சை ரன்னில் (எளிதான சரிவு) இறங்கலாம். அது தெற்கு முகம் என்பதால் பதினொன்றிலிருந்து ஒன்றரைக்குள் கற்றுக்கொள்வது நல்லது. காலையில் ஐஸில் விழுந்தால் குழந்தைக்கு வலியும் பயமும் சேர்ந்து வரும், மறுநாள் ஸ்கீயைத் தொடமாட்டாள்.

முதல் நாள் குடும்பத்தில் ஒருவர் சொல்லித் தருவதைவிட வகுப்பில் சேர்ப்பது மேல். வாடகை பூட்ஸில் கவனம்: நிமிர்ந்து நின்றால் கால்விரல் நுனியைத் தொட வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் சற்றே பின்வாங்க வேண்டும். குளிருமே என்று இரண்டு காலுறை போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் குளிரும். மெல்லிய காலுறை ஒன்று, அதன் மேல் பூட்ஸ். அவ்வளவுதான்.

மிசிசாகாவிலிருந்து: மதியத்துக்கு மேல் ஸ்கீ பனியில் ஒட்டிக்கொண்டு பிரேக் போட்டது போல இழுக்கிறது. காரணம் என்ன?

ஈரப் பனியில் தண்ணீர் அதிகம். ஸ்கீயின் அடிப்பகுதி வழவழப்பாக இருந்தால் இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் தண்ணீர் பிடித்துக்கொள்வது போல உறிஞ்சிப் பிடிக்கும். போதாததற்கு வசந்தத்தில் பனியின் மேல் மகரந்தம், தூசு, லிஃப்ட் எண்ணெய் எல்லாம் சேர்ந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். விரலால் தடவிப் பாருங்கள், கறுப்பாக வந்தால் அதுதான்.

முதலில் அழுக்கை எடுக்க வேண்டும். மலிவான மென்மெழுகை உருக்கிப் பூசி, சூடு ஆறுவதற்குள் சுரண்டி எடுங்கள், அழுக்கு மெழுகோடு வந்துவிடும். பிறகு வெப்ப காலத்துக்கான மெழுகு, பல நிறுவனங்களில் அது மஞ்சள் நிறம். இஸ்திரியை 120 டிகிரி வாக்கில் வையுங்கள். புகை வந்தால் சூடு அதிகம். ஓரிடத்தில் நிறுத்தாமல் நுனியிலிருந்து வால் நோக்கி நகர்த்துங்கள், நின்றால் அடித்தகடு வெந்துவிடும். அரை மணி ஆறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக்க எடுத்து, நைலான் பிரஷால் நுனியிலிருந்து வால் வரை பத்துப் பதினைந்து முறை தேயுங்கள். மேலே மெழுகு தங்கினால்தான் நல்லது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அது தவறு. வேலை செய்வது அடித்தகட்டின் நுண்துளைகளுக்குள் போன மெழுகு மட்டுமே. மேலே தங்கியது அழுக்கைப் பிடிக்கும்.

அடிக்கடி போகிறவர் என்றால் கடையில் கொடுத்து ஸ்கீயின் அடித்தகட்டில் ஈரப் பனிக்கான சற்றே ஆழமான கோடுகள் போடச் சொல்லுங்கள். தண்ணீர் வெளியேற வழி கிடைக்கும். பயணத்தில் இருப்பவருக்குத் தேய்த்துப் பூசும் பேஸ்ட் மெழுகு போதும், மதியம் ஒரு தடவை.

ஒட்டுதல் கடுமையாக இருப்பது நிழலிலிருந்து வெயிலுக்குள் நுழையும் கோட்டில். அங்கே ஸ்கீ சட்டென்று மெதுவாகும், உடம்பு முன்னால் சாயும். கோட்டைத் தாண்டும் முன் ஒரு காலைச் சற்று முன்னால் வைத்து எடையை நடுவில் வையுங்கள்.

வான்கூவரிலிருந்து: நான் ஸ்னோபோர்டு. சமதளத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் எது?

லேக் லூயிஸின் பின்பக்கம் டெம்பிள் லாட்ஜிலிருந்து அடிவாரம் போகும் வெளியேறு பாதை. தட்டையாக நீளும், மாலையில் கூழாகிவிட்டால் ஒரு காலைக் கழற்றித் தள்ள வேண்டிவரும். அதற்குப் பதிலாக டார்மிகன் சேர்லிஃப்டில் ஏறி முன்பக்கமாக இறங்குங்கள். அது மூடும் நேரத்தைக் காலையிலேயே பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சியாட்டிலிலிருந்து: சன்ஷைனின் டெலிரியம் டைவ் என்ற மிகச் செங்குத்தான பகுதியில் ஏப்ரலில் இறங்கலாமா?

திறந்திருந்தால், தகுதியும் இருந்தால். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் டிரான்ஸீவர், மண்வெட்டி, துழாவுகோல், கூட ஒரு துணை, இவை இல்லாமல் போகக் கூடாது. வாயிலில் டிரான்ஸீவர் வேலை செய்கிறதா என்று கருவி சோதிக்கும். வாடகைக்கு எடுத்தால் போதாது, துணைவரோடு சமதளத்தில் பலமுறை தேடிப் பழகியிருக்க வேண்டும். புதைந்தவர் பிழைப்பது முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுப்பதைப் பொறுத்தது.

வெயில் ஏறினால் ஈரப் பனி அடியோடு கழன்று வரும் என்பதால் மூடிவிடுவார்கள். மூடிய கயிற்றைத் தாண்டாதீர்கள். பக்கத்துச் சரிவிலிருந்து பனி உருண்டைகள் தானாக உருண்டு, ஜிலேபிச் சுருள் போலப் பெரிதாகிக்கொண்டே வந்தால் அது மலை தரும் எச்சரிக்கை. அந்த முகத்தை விட்டு உடனே விலகுங்கள்.

சென்னையிலிருந்து: உடை, கண்ணாடி, வெயில் பாதுகாப்பு?

காலை மைனஸ் 8, பிற்பகல் பிளஸ் 6 சாதாரணம். ஒரு தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது, பருத்தி மட்டும் எதிலும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயவே காயாது. பேண்ட் தண்ணீர் புகாததாக இருக்கட்டும், உருகும் காலத்தில் சேர்லிஃப்ட் இருக்கை எப்போதும் ஈரம்.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம். எஸ்பிஎஃப் 50 களிம்பை முகத்தில் மட்டுமல்ல, தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் விளிம்பிலும் பூசுங்கள், இரண்டு மணிக்கொரு முறை. கண்ணாடிக்கு இரண்டு லென்ஸ்: வெயிலுக்கு எஸ்3, மூட்டத்துக்கு எஸ்1 (எண் கூடக் கூட லென்ஸ் இருண்டிருக்கும்). ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஸ்2.

மறுபடி ஸ்கார்பரோ: மே மாசம் வந்தா ஏதாவது மிச்சம் இருக்குமோ?

சன்ஷைன் இருக்கும். லேக் லூயிஸ் மே தொடக்கத்தில் மூடும், சன்ஷைன் வழக்கமாக விக்டோரியா தினத் திங்கள் (மே 25-க்கு முந்திய திங்கள்) வரை போகும். அந்தக் கடைசி நாளில் பனிக்குள் வெட்டிய குளத்தின் மேல் சறுக்கிக் கடக்கும் ஸ்லஷ் கப் போட்டி நடக்கும். ஆனால் கிராமத்திலிருந்து வாகன நிறுத்தம் வரை இறங்கும் பாதை அதற்குள் உருகி மூடியிருக்கும், கோண்டோலாவிலேயே இறங்க வேண்டும். கடைசி வண்டி நேரத்துக்கு அரை மணி முன்பே வரிசையில் நில்லுங்கள்.

ஊரிலிருந்து மூன்று மலைகளுக்கும் லிஃப்ட் டிக்கெட் உள்ளவர்களுக்குப் பேருந்து உண்டு, பருவக் கடைசியில் நேர அட்டவணை மாறும், முதல் நாள் மாலையே பாருங்கள். காரில் வந்தால் பூங்கா அனுமதிச் சீட்டு தனியாக வேண்டும், லிஃப்ட் டிக்கெட்டில் அது சேராது. கல்கரியில் வாடகைக் கார் எடுக்கும்போது குளிர்கால டயர் கேட்டு வாங்குங்கள். மே மாதத்திலும் ஓர் இரவில் சாலை வெளுத்துவிடும்.