கிரகப்பிரவேசத்துக்கு என்ன பலகாரம், என்ன பானம்? – கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை நண்பன் வீட்டு கிரகப்பிரவேசம். ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டுப் போனா போதும்தானே?

பதில்: போதும்தான் தம்பி. ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நிலைமை என்று பாருங்கள். விடியற்காலையில் ஹோமம், பால் காய்ச்சுவது, அப்புறம் இலை போட்டுச் சாப்பாடு. இலையிலேயே கேசரியும் பாயசமும் வந்துவிடும். வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் உங்களுடையதைப் போலவே ஒரு பெட்டி. ஃபிரிட்ஜ் இன்னும் பழைய வீட்டில் இருக்கும், இல்லையென்றால் அட்டையைக்கூடப் பிரிக்காமல் ஹாலில் நிற்கும். சாமான் எல்லாம் வந்து அடுக்களை ஒழுங்காக ஒரு வாரம் ஆகும். அதற்குள் பால் இனிப்பெல்லாம் கெட்டுவிடும்.

அதனால் அன்று சாப்பிட வேண்டியதைக் கொடுக்காதீர்கள். அடுத்த வாரம் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும்போது வாயில் போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே, அதைக் கொடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாமல் பத்து நாள் தாங்க வேண்டும், அடுப்பு, பாத்திரம் இல்லாமல் சாப்பிட முடிய வேண்டும். கடலைமிட்டாய், முறுக்கு, அதிரசம், பொருள்விளங்கா உருண்டை எல்லாம் இதில் தேறும். ரசகுல்லா தேறாது.

கடையில் வாங்குவதானால் இரண்டைக் கவனியுங்கள். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைப்பது 2020 அக்டோபர் 1 முதல் விதி. எழுதவில்லை என்றால் கேளுங்கள். அடுத்தது, காலிப் பெட்டியைத் தராசில் வைத்து எடையைக் கழித்த பிறகுதான் இனிப்பு நிறுக்க வேண்டும். கெட்டி அட்டைப்பெட்டி நூறு கிராமுக்கு மேலும் இருக்கும், அதை இனிப்பு விலைக்கு வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி: ஊர் பேர் சொல்லும் பலகாரமா கொடுக்கணும்னு ஆசை. திருநெல்வேலி அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய்... இதுல எது சரியா இருக்கும்?

பதில்: கிரகப்பிரவேசம் என்று பார்த்தால் என் ஓட்டு கோவில்பட்டிக்கு. 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம். உடைத்தால் சத்தம் வர வேண்டும், பல்லில் இழுக்கக் கூடாது. இழுத்தால் பாகு பதம் போதவில்லை அல்லது காற்றுப்பட்டு ஈரம் இழுத்துவிட்டது என்று அர்த்தம். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான், மழைக்காலத்தில் திறந்து வைத்தால் சீக்கிரமே பிசுபிசுக்கும். ஒரே ஒரு கிலோ பொட்டலமாக வாங்காமல் கால் கிலோ பொட்டலம் நான்கு வாங்குங்கள். ஒன்றைத் திறந்தால் மற்ற மூன்றும் மொறுமொறுப்பாக இருக்கும்.

திருநெல்வேலி அல்வா சம்பா கோதுமைப் பால், சர்க்கரை, நெய் என்று மூன்றே சாமான். வெளியில் வைத்தாலும் ஒரு வாரம் வரை தாங்கும். நெய் பிரிந்து நிற்பது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, குளிரில் உறைந்து வெள்ளைத் திட்டாகத் தெரிவதும் அப்படித்தான். ஆனால் இரவு ரயிலில் வெறும் அட்டைப்பெட்டியில் கொண்டுபோனால் காலையில் பை முழுக்க நெய்யாக இருக்கும். மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் மாற்றி, அந்த டப்பாவையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். புது வீட்டில் டப்பா எப்போதும் வேண்டியிருக்கும்.

பால்கோவாவுக்கு 2019-லேயே குறியீடு கிடைத்தது, ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இரண்டு, மூன்று நாள்தான். அன்றே பந்தியில் பரிமாறிவிடுவார்கள் என்றால் கொண்டுபோங்கள்.

தூத்துக்குடி மக்ரூன் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: அதில் முந்திரி, சர்க்கரையோடு முட்டை வெள்ளைக்கருவும் இருக்கிறது. பூஜை நடக்கும் வீட்டுக்கு, அதுவும் சைவ வீட்டுக்கு, தெரியாமல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: வீட்டிலேயே அதிரசம் செஞ்சு கொடுக்கலாம்னு இருக்கேன் அக்கா. ஒவ்வொரு தடவையும் எண்ணெயில போட்டதும் கரைஞ்சு பிரிஞ்சு போகுது. ஏன்?

பதில்: பாகு இளம் பதத்தில் இறக்கப்பட்டிருக்கும், அல்லது மாவில் ஈரம் அதிகம். அளவையும் முறையையும் முழுதாகச் சொல்கிறேன்.

பச்சரிசி ஒரு கிலோ, பாகு வெல்லம் 800 கிராம். புது அரிசி வேண்டாம், பழைய அரிசியில்தான் மாவு நன்றாக வரும். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, வேட்டியில் நிழலில் பரப்புங்கள். முழுக்கக் காய விடக்கூடாது. ஒரு பிடி அரிசியை அள்ளி இறுக்கிவிட்டு விரித்தால் உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும், அரிசி கையோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. அந்தப் பக்குவத்தில் அரைத்துச் சலித்து, காற்றுப்படாமல் அமுக்கி மூடி வையுங்கள். காய்ந்த கடை மாவில் அதிரசம் வராது.

வெல்லத்தைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அடி கனமான பாத்திரத்தில் காய்ச்சுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்ற உருண்டையாகத் திரள வேண்டும். கரைந்தால் இன்னும் காய வேண்டும். கிண்ணத்தில் போட்டதும் டங்கென்று சத்தம் வந்தால் பதம் தாண்டிவிட்டது, அது கடலைமிட்டாய்க்கு ஆகும். உருட்டுப் பதம் வந்ததும் இறக்கி, ஏலக்காய், கொஞ்சம் சுக்குப்பொடி போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். மாவு மொத்தமும் போட்டாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தளர்வாக இருக்கும்போதே நிறுத்துங்கள், ஆற ஆற இறுகும். மேலே நெய் தடவி மூடி ஒரு நாளாவது, முடிந்தால் மூன்று நாள் வையுங்கள்.

சுடும்போது முதலில் ஒன்றே ஒன்று போட்டுப் பாருங்கள். பிரிந்தால் ஒரு கைப்பிடி அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து, சில மணி நேரம் விட்டு மறுபடி போடுங்கள். கல் மாதிரி வந்தால் கொஞ்சம் வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசையுங்கள், ஆனால் பால் சேர்த்தது அதிக நாள் தாங்காது, அதை வீட்டுக்கு வைத்துக்கொண்டு வேறு செய்து கொடுங்கள். தீ மிதமாக இருக்கட்டும். எண்ணெய் புகைந்தால் மேலே கறுத்து உள்ளே வேகாது. எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை நன்றாகப் பிழிந்துவிடுங்கள். பிழியாத அதிரசம் நாலே நாளில் சிக்கு வாடை அடிக்கும்.

இந்த அளவுக்குச் சுமார் நாற்பது வரும். முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில் அடுக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி வேர்த்து, அந்த நீர் சொட்டிய இடத்தில்தான் முதல் பூசணம் வரும். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் சுட்டால் சரியாக இருக்கும்.

கேள்வி: முறுக்கு பாக்கெட் கொடுத்தா ரெண்டு நாள்ல நமுத்துப் போயிடுதே?

பதில்: அதுவும் சூட்டோடு மூடுவதால்தான். இன்னொரு காரணம், பாதி காலியான பெரிய டப்பா. உள்ளே காற்று எவ்வளவோ அவ்வளவு ஈரம். டப்பாவைக் கழுத்துவரை நிரப்புங்கள். வீட்டில் செய்தால் நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு, புது எண்ணெய். சலசலப்பு முழுக்க அடங்கிய பிறகு எடுங்கள். அடங்காத முறுக்கில் உள்ளே நீர் இருக்கிறது. கடையில் வாங்குவதானால் மணப்பாறை முறுக்கு நல்ல தேர்வு, பொரித்த தேதி கேட்டு வாங்குங்கள். பழைய எண்ணெய் வாடை உடைத்து மோந்தாலே தெரியும்.

கேள்வி: பானம் ஏதாவது கொடுக்கலாமா? கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டாம்னு நினைக்கிறேன். பானகம் எப்படி?

பதில்: பானகம் மங்களகரம், எல்லாரும் குடிப்பார்கள். ஆனால் கரைத்துக் கொண்டுபோகாதீர்கள். வெல்ல நீர் வெயில் நாளில் மாலைக்குள் நுரைத்துப் புளிக்கும், மூடி இறுக்கிய பாட்டிலில் இருந்தால் திறக்கும்போது பொங்கி வரும். சாமானாகக் கட்டிக் கொடுங்கள். ஒரு லிட்டருக்குத் தூளாக்கிய வெல்லம் 200 கிராம், சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் நான்கு, மிளகுப்பொடி ஒரு சிட்டிகை, எலுமிச்சம்பழம் ஒன்று. பொடிகளை வெல்லத்தோடு கலக்காமல் தனிச் சிறு பொட்டலமாகக் கட்டுங்கள், கலந்தால் வெல்லத்தின் ஈரத்தில் கட்டி கட்டியாகிவிடும். அளவை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பித்தளைச் சொம்போடு சேர்த்துக் கொடுக்க நினைத்தால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். பூசாத பித்தளையில் எலுமிச்சைப் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும்.

பாட்டிலில்தான் கொடுக்க வேண்டும் என்றால் நன்னாரி சர்பத் காய்ச்சுங்கள். நன்னாரி வேர் 100 கிராம், கழுவித் தட்டி நடுவிலுள்ள கட்டைத் தண்டை எடுத்துவிடுங்கள். மணம் தோலில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, வேரைப் போட்டு இரவு முழுக்க மூடி வையுங்கள். வேரைப் போட்டுக் கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு போய்க் கசப்பு மட்டும் நிற்கும். காலையில் வடிகட்டி, ஒன்றரைக் கிலோ சர்க்கரை சேர்த்து, அழுக்கு நுரையை எடுத்துக்கொண்டே பிசுக்குப் பதம் வரும்வரை காய்ச்சுங்கள். இறக்கும்போது அரை மூடி எலுமிச்சைச்சாறு விட்டால் பின்னால் சர்க்கரை பூக்காது. ஆறியதும் நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றுங்கள். பாட்டில் கழுத்தில் ஒரு சொட்டு நீர் நின்றாலும் அங்கே பூசணம் பிடிக்கும். சர்க்கரையைக் குறைத்தாலும் கெட்டுவிடும், இங்கே சர்க்கரைதான் காவல்.

கேள்வி: காபித்தூள்?

பதில்: கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். அரைத்த தூளில் வாசனை இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது. சிக்கரி பிடிக்குமா என்று தெரியாவிட்டால் காபி 80, சிக்கரி 20 என்ற கலவை வாங்குங்கள், பெரும்பாலான வீட்டில் ஒத்துப்போகும்.

கேள்வி: சர்க்கரை வேண்டாம்னு கருப்பட்டி, பனங்கற்கண்டு கொடுக்கலாமா? அந்த வீட்டுப் பெரியவருக்கு சுகர் இருக்கு. கலப்படக் கருப்பட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: கருப்பட்டி தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் சுகருக்காக என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். கருப்பட்டியிலும் பனங்கற்கண்டிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், ரத்தத்தில் ஏற்றத்தான் செய்யும். சிறுதானிய லட்டுவும் வெல்லத்தில் பிடித்ததுதான். அந்தப் பெரியவருக்கு வறுத்த வேர்க்கடலை, இனிப்பு சேர்க்காத சுக்குமல்லிப் பொடி கொடுங்கள். மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு, சீரகம் ஒவ்வொரு தேக்கரண்டி, லேசாக வறுத்துக் கொரகொரப்பாக அரைத்தால் போதும்.

கலப்படத்துக்கு வருவோம். பதநீர் இறங்கும் காலம் ஏறக்குறைய மாசி, பங்குனியிலிருந்து ஆடி வரை. அந்தப் பருவத்துக் கருப்பட்டி வாங்குவது நல்லது. ஒரு கட்டியை உடைத்து வெயிலில் பிடியுங்கள். சர்க்கரைப்பாகு கலந்ததில் உடைந்த முகத்தில் மினுமினுவென்று படிகம் தெரியும், நிறமும் வெளிறி எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி இருக்கும். நல்ல கருப்பட்டி மங்கலாக, கட்டிக்குக் கட்டி நிறம் கொஞ்சம் மாறி இருக்கும், நாக்கில் வைத்தால் வெறும் இனிப்பாக இல்லாமல் லேசாக ஒரு கரிப்பும் வரும். முடிவாகச் சொல்ல ஆய்வகப் பரிசோதனைதான் வழி, இவை கடையில் நின்று பார்க்க உதவும் அடையாளங்கள். சர்க்கரை விலைக்குப் பக்கத்தில் விற்றால் வேறு சோதனையே வேண்டாம், வந்துவிடுங்கள்.

ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தால் பார்க்கவும் அழகு, கருப்பட்டிக்கும் நல்லது. கூடவே இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள்: கரைத்து வடிகட்டித்தான் பயன்படுத்த வேண்டும், பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பால் திரிய வாய்ப்பு உண்டு, அதனால் பாலை இறக்கிய பிறகு சேர்க்க வேண்டும்.

கேள்வி: எள்ளுருண்டை, ஊறுகாய் எல்லாம் கொடுக்கக்கூடாதுன்னு அத்தை சொல்றாங்க. நிஜமா?

பதில்: உணவாகப் பார்த்தால் இரண்டிலும் குறையில்லை. எள் திதி காரியத்தோடு சேர்ந்தது என்று நினைப்பதால் சுப காரியத்துக்குப் பல வீட்டில் ஒதுக்குவார்கள், ஊறுகாய் வீட்டுக்கு வீடு மாறும். அத்தை பேச்சைக் கேட்டுவிடுங்கள், இதில் வாதாடி ஜெயித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. கல் உப்பு, மஞ்சள், துவரம்பருப்பு, அரிசி, வெல்லம் வைத்த தட்டை யாரும் மறுக்க மாட்டார்கள், மறுநாளே அடுக்களையில் பயன்படும். உப்பை மட்டும் மூடியுள்ள ஜாடியில் போடுங்கள். மழை நாளில் தாளில் கட்டிய கல் உப்பு நீர் விட்டு மற்றதையும் நனைத்துவிடும்.

கேள்வி: விழாவுக்குப் போக முடியல. ஒரு மாசம் கழிச்சுத்தான் போறேன். அப்பவும் இதே லிஸ்ட்தானா?

பதில்: இல்லை, அப்போது கணக்கே வேறு. ஃபிரிட்ஜ் ஓடும், வந்த கடலைமிட்டாயும் முறுக்கும் டப்பாவில் பாதி கிடக்கும். அரைக் கிலோ பால்கோவா, அன்று காலை போட்டதாகப் பார்த்து வாங்கிப் போங்கள். நேராகப் போகாமல் முதல் நாள் ஒரு போன் போட்டு, வீட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டால் அரைக் கிலோவா கால் கிலோவா என்பதும் தெரிந்துவிடும்.